அப்பாவின் ஜிபிஎஸ்ஸுக்கு எந்த சார்ஜ் செல் போடலாம்?

தம்பி, முதல் வேலையாக அந்தக் கடையில் கொடுத்த இரண்டு செல்லையும் தனியாக எடுத்து வையுங்கள். ஜிபிஎஸ்ஸில் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு நிமிடம் போட்டு எடுத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதை ஒரு தடவை சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே சந்தேகத்தோடு வரும் மற்றவர்களுக்கும் புரியும். அப்பா நாகப்பட்டினத்தில் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறார். கையில் இருப்பது கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் 10 என்ற கையடக்க ஜிபிஎஸ். ஒவ்வொரு தடவையும் புது ஆல்கலைன் செல் (ஒரே தடவை போட்டுத் தூக்கி எறிகிற சாதாரண ரகம்) ஒரு ஜோடி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. முன்பு ஒருமுறை சார்ஜ் செல் போட்டபோது, கரையிலேயே பேட்டரி பாதிதான் காட்டியது. நம்பிக்கை போய் அவர் கழற்றிவிட்டார். இப்போது கடையில் "இது லித்தியம், ரொம்ப நேரம் வரும்" என்று 3.7 வோல்ட் செல் இரண்டைக் கொடுத்திருக்கிறார்கள். எதைப் போடுவது?

அந்த 3.7 வோல்ட் செல்லின் உறையில் சின்ன எழுத்தில் 14500 என்று இருக்கும், பாருங்கள். 14 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நாம் பென்சில் செல் என்று சொல்கிற ஏஏ செல்லின் அளவும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் ஜிபிஎஸ்ஸுக்குள் கச்சிதமாக உட்காரும், மூடியும் மூடிக்கொள்ளும். ஆபத்தே அங்கேதான். முழு சார்ஜ் ஏறிய 14500 ஒன்றில் 4.2 வோல்ட் இருக்கும். ஈட்ரெக்ஸுக்குள் இரண்டு செல்லும் தொடர் இணைப்பில் நிற்பதால் இரண்டின் வோல்ட்டும் கூடிவிடும்: 8.4. அந்தக் கருவி எதிர்பார்ப்பது 3 வோல்ட்.

நான் இந்தக் கரையோரத்தில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப் செட் எல்லாம் பழுது பார்த்து வருகிறவன். இப்படி 14500 போட்ட ஒரு கருவி என் மேஜைக்கு வந்திருக்கிறது. வெளியே ஒரு கீறல் கிடையாது. திறந்தால் போர்டில் பேட்டரி இணைப்புக்கு அருகே நகக்கண் அளவுக்கு ஒரு கருப்பு, மேலே கருகிய பிசின் வாசனை. அதைச் சரிபண்ண முடியவில்லை. கருவி போனதைவிட அதன் உரிமையாளருக்கு வலித்தது உள்ளே இருந்த பாயின்ட்கள்தான். பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே, வலை சிக்கும் இடம் எங்கே, எந்தப் பருவத்தில் எங்கே மீன் நிற்கும் என்று பல வருடம் சேர்த்த பாயின்ட்கள் அவை. இந்த வேலையில் நான் பார்த்த பெரிய நஷ்டம் அது.

அதனால் செல் வாங்குவதற்கு முன்பே அப்பாவின் பாயின்ட்களை ஒரு கம்ப்யூட்டரில் எடுத்து வையுங்கள். ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் மினி யூஎஸ்பியில் கேபிள் போட்டால் பென் டிரைவ் போலத் திறக்கும். கார்மின் என்ற ஃபோல்டருக்குள் ஜிபிஎக்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே காப்பி செய்துகொண்டால் போதும். செல்லைக் கழற்றுவதால் பாயின்ட் அழியாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கருவியே போய்விட்டால் என்ன செய்வது?

இனி எதைப் போடலாம் என்பதற்கு வருகிறேன். உறையில் 1.2 வோல்ட் என்று அச்சிட்ட, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ஏஏ செல். அதிலும், சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்காத ரகம். அப்பாவின் ஈட்ரெக்ஸ் 10-க்கு என் பதில் இதுதான். பானசோனிக்கின் எனெலூப் சாதாரண ரகம் எனக்குப் பழகிய செல். டியூராசெல் ரீசார்ஜபிளும் நன்றாகவே உழைக்கிறது.

1.5 வோல்ட் செல் போடுகிற கருவிக்கு 1.2 போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். போதும். ஆல்கலைன் செல் 1.5-இல் தொடங்குகிறதே தவிர அங்கேயே நிற்பதில்லை. ஓட ஓட 1.4, 1.3, 1.2, 1.1 என்று சரிந்துகொண்டே போய் 0.9 பக்கம் முடிகிறது. அதன் ஆயுளில் பாதி 1.2-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் கழிகிறது. சார்ஜ் செல் வேறு மாதிரி. சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 1.4-க்கு மேல் காட்டும், கொஞ்ச நேரத்தில் 1.3-க்கு வரும், பிறகு பெரும்பகுதி நேரம் 1.25-க்கும் 1.2-க்கும் நடுவே சமமாக நிற்கும். கடைசியில்தான் சட்டென்று விழும். ஆல்கலைன் கரையோர மணல் போலச் சரிவாக இறங்குகிறது என்றால், இது படகுத்துறை மாதிரி: விளிம்பு வரை சமம், அதற்கப்புறம் ஆழம்.

அப்பாவின் கருவி அன்றைக்குப் பாதி காட்டியதற்குக் காரணமும் இதுவே. கருவிக்கு உள்ளே எந்த செல் இருக்கிறது என்று தானாகத் தெரியாது. வோல்ட்டை அளந்து, ஆல்கலைன் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆல்கலைன் கணக்கில் 1.25 என்றால் பாதி தீர்ந்த செல். ஆகவே முழுதாக சார்ஜ் ஏறிய செல்லைப் பாதி என்று காட்டியது. செல்லில் குறையில்லை. மெனுவில் செட்டப், அதற்குள் சிஸ்டம், அதற்குள் பேட்டரி டைப் என்று போங்கள். ஆல்கலைன், லித்தியம், ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று மூன்று இருக்கும். மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள்.

இதை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள். ஏனென்றால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கடலில் சார்ஜ் செல் தீர்ந்து மாற்று ஆல்கலைன் போடும்போது அந்த அமைப்பையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், சரிந்துகொண்டிருக்கும் ஆல்கலைனை ரொம்ப நேரம் முழுசு முழுசு என்றே காட்டிக்கொண்டிருக்கும். முதல் தவறில் வீணாகப் பயப்படுவோம், அவ்வளவுதான். இரண்டாவதில் பேட்டரி இருக்கிறது என்று நம்பி இருந்துவிடுவோம், அதுதான் ஆபத்து. இரவில் கோடியக்கரைக்குத் தெற்கே, 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நீரோட்டம் இழுக்கும்போது, நாம் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைச் சொல்ல அந்தச் சின்னத் திரை ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதனால் எனக்கு ஒரு செல் எத்தனை மணி நேரம் வரும் என்பதைவிட, தீரப்போவதை முன்னாலேயே சொல்லுமா என்பதுதான் முக்கியம். கீழே நான் வேண்டாம் என்று சொல்வதெல்லாம் அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

டைப்-சி ஓட்டையோடு வரும் 1.5 வோல்ட் லித்தியம் சார்ஜ் செல்லை உங்களுக்கு அடுத்து யாராவது சிபாரிசு செய்வார்கள். அது 14500 போலக் கருவியை எரிக்காது. உள்ளே 3.7 வோல்ட் லித்தியத்தை வைத்து, சின்ன சர்க்யூட் ஒன்றால் 1.5 ஆகக் குறைத்துக் கொடுக்கிறது. வீட்டில் கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். கடலுக்கு வேண்டாம். பெரும்பாலானவற்றில் தீரும் வரை 1.5 வோல்ட் அசையாமல் நிற்பதால், கருவியின் பேட்டரிப் படம் கடைசி வரை முழுசாகவே இருக்கும். பிறகு ஒரே நொடியில் திரை அணையும். போதாததற்கு வோல்ட்டைக் குறைக்கும் அந்த சர்க்யூட் விடாமல் ரேடியோ இரைச்சல் எழுப்பக்கூடியது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற மெல்லிய சிக்னலைக் கேட்கும் கருவிக்குள், ஆன்டெனாவிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில் அப்படி ஒன்றை ஏன் வைக்க வேண்டும்? உப்புக்காற்றில் அந்த டைப்-சி ஓட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் இன்னொரு ஏமாற்று, செல்லின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் எண். ஏஏ அளவு நிக்கல் செல்லுக்குள் எவ்வளவுதான் திணித்தாலும் 2700, 2800-ஐத் தாண்டுவது கடினம். 4000, 5000 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். என் வழக்கம், செல்லை எடை போட்டுப் பார்ப்பது. தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துக் காட்டச் சொல்வேன். நல்ல 2000 எம்ஏஎச் செல் 26, 27 கிராம் இருக்கும். 2500 ரகம் 30 கிராமை ஒட்டி வரும். பளபளவென்று உறை போட்டு 18 கிராம் எடை காட்டினால், உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். லித்தியம் செல்லில் எம்ஏஎச்சுக்குப் பதில் எம்டபிள்யூஎச் என்று பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். 3000 எம்டபிள்யூஎச் என்பதை 1.5 வோல்ட்டால் வகுத்தால் 2000 எம்ஏஎச்தான். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சரி, உண்மையான செல்லிலேயே 2000-ஆ, 2500-ஆ? உங்களுக்கு நான் 2000-தான் சொல்வேன். அதிகக் கொள்ளளவு ரகத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் ஆயுள் குறைவு. எனெலூப்பில் சாதாரண ரகத்துக்குக் கம்பெனி 2100 தடவை சார்ஜ் செய்யலாம் என்கிறது, ப்ரோ ரகத்துக்கு 500 என்கிறது. நம் வெயிலிலும் நம் சார்ஜரிலும் அந்த எண்கள் அப்படியே வராது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உண்மை. கூடவே, அதிகக் கொள்ளளவு செல்கள் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். உள்ளே போய் இறுகிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்த கருவிகளைப் பார்த்திருக்கிறேன்.

சார்ஜ் இறங்காத ரகம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா வயதுக்காரர்களுக்கு சார்ஜ் செல் மேல் நம்பிக்கை இல்லாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லை சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்தால், ஒரு மாதத்தில் கால்வாசி தானாகவே போய்விடும். இரண்டு மாதம் கழித்து அவசரத்துக்கு எடுத்தால் கைவிட்டுவிடும். 2005-இல் சான்யோ எனெலூப்பைக் கொண்டுவந்த பிறகுதான் இது மாறியது. சான்யோ பிறகு பானசோனிக்கோடு சேர்ந்துவிட்டது. இப்போது வேறு கம்பெனிகளும் இதே வகையைச் செய்கின்றன. ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். உறையில் ரெடி டு யூஸ், ப்ரீ சார்ஜ்டு என்று போட்டிருந்தால் இந்த ரகம் என்று எடுத்துக்கொள்ளலாம். கையில் மீட்டர் இருந்தால் பாக்கெட்டைப் பிரித்தவுடன் அளந்து பாருங்கள், 1.25-க்கு மேல் இருந்தால் நல்லது, 1.0 பக்கம் கிடந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

நான்கு செல் வாங்குங்கள், ஒரே நாளில், ஒரே பாக்கெட்டில். வந்தவுடன் அழியாத மார்க்கரால் இரண்டில் "அ", இரண்டில் "ஆ" என்று எழுதி, வாங்கிய மாதத்தையும் எழுதிவிடுங்கள். "அ" இரண்டும் எப்போதும் சேர்ந்தே போகும், சேர்ந்தே சார்ஜ் ஆகும். பழசும் புதுசும் கலந்தால், பலவீனமான செல் முதலில் தீரும். மற்றதில் பாதி மீதம் இருந்தாலும் கருவி அணைந்துவிடும். தீர்ந்த செல்லும் அளவுக்கு மீறி வற்றி இன்னும் கெடும்.

செல்லுக்கு யோசிக்கிற அளவுக்கு யாரும் சார்ஜருக்கு யோசிப்பதில்லை. நல்ல செல் வாங்கி, பழைய சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு அவித்துவிடுகிறார்கள். நான் பார்த்த கெட்டுப்போன சார்ஜ் செல்களில் பெரும்பாலானவை சூட்டில் கெட்டவை. ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி விளக்கு எரிகிற சார்ஜராக வாங்குங்கள். தனித்தனி விளக்கு என்றால் பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, நிரம்பியதும் தானாக நிறுத்துகிறது என்று அர்த்தம். இரண்டு இரண்டாகத்தான் போட வேண்டும் என்கிற சார்ஜர், நிறுத்தத் தெரியாமல் நேரத்தை மட்டும் எண்ணுகிற சார்ஜர், இரண்டும் வேண்டாம். 2000 எம்ஏஎச் செல்லுக்கு 500 மில்லிஆம்பியர் அளவில் ஏற்றினால் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். அது நல்ல வேகம். செல் வெதுவெதுப்பாகலாம், விரல் வைத்துப் பிடிக்க முடியாத சூடு கூடாது. தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் சார்ஜ் போடாதீர்கள், சூட்டில் இந்த வகை செல் சார்ஜை சரியாக ஏற்றுக்கொள்ளாது. யூஎஸ்பியில் ஓடும் சார்ஜராக இருந்தால் போன் சார்ஜரிலும் பவர் பேங்க்கிலும் போடலாம், கரன்ட் போன நாளில் உதவும். ஈட்ரெக்ஸில் யூஎஸ்பி கேபிள் போட்டால் கருவி ஓடுமே தவிர உள்ளே இருக்கும் செல் சார்ஜ் ஆகாது. ஆகும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஜிபிஎஸ்மேப் 64, ஓரிகன் 600 போன்ற வேறு கார்மின் கருவிகளில் கார்மினின் சொந்த பேட்டரி பேக் போட்டால் உள்ளேயே சார்ஜ் ஆகும். அந்த பேக் பேட்டரிக் குழியில் ஒரு சின்ன பொத்தானை அழுத்துவதால்தான் அது நடக்கிறது. சாதாரண செல்லைப் போட்டுக்கொண்டு அந்தப் பொத்தானைக் காகிதம் வைத்து அழுத்துகிற வேலையைச் செய்யாதீர்கள்.

எத்தனை மணி நேரம் வரும்? ஈட்ரெக்ஸ் 10-க்குக் கம்பெனி 25 மணி நேரம் என்கிறது. 2000 எம்ஏஎச் செல்லை வைத்துக் கணக்குப் போட்டால் சராசரியாக 80 மில்லிஆம்பியர். இது சின்னச் செலவுதான். இதைக் கூட்டுவது இரவில் எரிகிற பின்விளக்கு. அதை 15 வினாடியில் அணையும்படி வையுங்கள், வெளிச்சத்தையும் குறையுங்கள், கண்ணுக்கும் அதுதான் நல்லது. சாட்டிலைட் சிஸ்டம் என்ற இடத்தில் க்ளோனாஸும் (ஜிபிஎஸ் போன்ற ரஷ்ய சாட்டிலைட் ஏற்பாடு) சேர்ந்திருந்தால் ஜிபிஎஸ் மட்டும் என்று மாற்றுங்கள். நடுக்கடலில் மரமும் மலையும் மறைப்பதில்லை. நாலு பக்கமும் திறந்த வானத்துக்கு ஜிபிஎஸ் ஒன்றே போதும், பேட்டரியும் மிச்சமாகும். முதல் தடவை கடலுக்குக் கொண்டுபோகும் முன், வீட்டு மொட்டைமாடியில் வைத்து, தீரும் வரை ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது பேட்டரி குறைவு என்று எச்சரிக்கை வந்தது, அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் எழுதுங்கள். அந்தக் கடைசி எண் அப்பாவுக்கு மனப்பாடமாக வேண்டும்.

அலையில் படகு தூக்கிப் போடும்போது கருவி தானாக அணைகிறது என்று சொல்வார்கள். பாதி நேரம் செல் தீர்ந்திருக்காது. ஸ்பிரிங்கிலிருந்து ஒரு கணம் விலகியிருக்கும். சில சார்ஜ் செல்களில் மேல் குமிழ் குட்டையாக இருப்பதும் ஒரு காரணம். செல் போட்டு, மூடி வளையத்தைத் திருகிய பிறகு, கருவியை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். அணைந்தால் ஸ்பிரிங்கை மெதுவாகக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். தகட்டில் பச்சை படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் உப்புக்காற்று அடுத்த வாரமே தின்றுவிடும். மூடியின் ரப்பர் வளையத்தில் மணலோ மீன் செதிலோ ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் புகாது என்பதற்குக் கருவிக்குக் கொடுத்திருக்கும் ஐபிஎக்ஸ்7 என்ற தரம் நல்ல தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம் என்ற கணக்கு; மூடி சரியாக உட்கார்ந்தால்தான் அதுவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகுக்காரர்கள் என்னிடம் வருவார்கள். இரண்டு மாதம் அலமாரியில் இருந்த ஜிபிஎஸ், உள்ளேயே ஆல்கலைன் செல். மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொருக்கு. அது உப்பு இல்லை, செல்லிலிருந்து கசிந்த காரம். பித்தளை ஸ்பிரிங்கே நூலாக இற்றிருக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு நல்ல தண்ணீர்ப் பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல சார்ஜ் செல்லில் இந்தக் கசிவு அபூர்வம், ஆனாலும் ஒரு வாரத்துக்கு மேல் கடலுக்குப் போகவில்லை என்றால் எதுவானாலும் கழற்றி வைத்துவிடுங்கள்.

மாற்று செல் இல்லாமல் போக வேண்டாம். "ஆ" ஜோடியோடு, பிரிக்காத லித்தியம் செல் ஒரு ஜோடியும் வைத்திருங்கள். சார்ஜ் செய்ய முடியாத, ஒரே தடவை போடுகிற 1.5 வோல்ட் ரகத்தைச் சொல்கிறேன். எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் மாதிரி. விலை அதிகம், ஆனால் வருடக்கணக்கில் கெடாது, எடை 15 கிராம்தான், ஈட்ரெக்ஸ் மெனுவில் லித்தியம் என்று இருப்பது இதற்குத்தான். சட்டைப் பையில் சும்மா போடாதீர்கள். தூண்டில் முள்ளும் ஈயக்கட்டியும் கிடக்கும் டப்பாவிலும் வேண்டாம். உலோகம் இரண்டு முனையையும் தொட்டுவிட்டால் செல் சூடாகிக் கெடும். செல்லுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, தண்ணீர் புகாத பையில் கட்டி வையுங்கள்.

பக்கத்து வீட்டு மாமா வைத்திருக்கும் ஜிபிஎஸ்மேப் 78எஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதுவும் இரண்டு ஏஏ செல்தான், மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஒன்றே ஒன்று கூடுதல்: அதில் மின்னணுத் திசைகாட்டி இருப்பதால், செல் மாற்றிய பிறகு திறந்த வெளியில், இரும்புக்கும் இன்ஜினுக்கும் தள்ளி நின்று, திசைகாட்டியை மறுபடி அளவீடு செய்துகொள்ள வேண்டும். அப்பாவின் ஈட்ரெக்ஸ் 10-இல் அந்தத் திசைகாட்டி கிடையாது. படகு நகரும்போதுதான் அது திசை சொல்லும், அதனால் அவருக்கு இந்த வேலை இல்லை.

அந்த இரண்டு 3.7 வோல்ட் செல்லையும் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். எடுக்கவில்லை என்றால் டார்ச் லைட்டிலோ ரிமோட்டிலோ போடக் கூடாது. நிக்கல் சார்ஜரில் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். இரண்டு முனைக்கும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை வீட்டில் மற்ற பென்சில் செல் இருக்கும் டிராயரில் மட்டும் வைக்காதீர்கள். அவசரத்தில், இருட்டில், அப்பா கையை விட்டு எடுக்கிற டிராயர் அதுவாகத்தான் இருக்கும்.